நீராடலும் நீர்க்கணக்கும்



‘கூழானாலும் குளித்துக் குடி’ என்பது நம் நாட்டில் வழங்கிவரும் பழமொழி. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது மற்றொன்று. முன்னது தூய்மையை வற்புறுத்துகிறது. பின்னது அளவை வற்புறுத்துகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம். குளிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நம் போன்ற வெப்ப நாட்டில் அது நலவாழ்வுக்கும் ஒவ்வாது. குளிக்கும் நீரை அளந்து அறியுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது.

கிணற்றடியில் நீராடியவர்களுக்கு இந்த அளவு இயல்பாகவே தெரிந்திருந்தது. கப்பியில் கயிற்றைப் போட்டு ஒரு வாளி நீரை மேலே இழுக்கும்போது, அந்த நீரின் எடையைத் தோளும் கையும் உணர்ந்தன. அண்டாவில் நிறைந்த நீர் எத்தனை பேருக்குப் போதும் என்பது வீட்டிலுள்ள சிறுவருக்கும் தெரியும். குளித்த நீர் வாய்க்கால் வழியே ஓடி, கொல்லையிலிருந்த வாழைக்குப் பாய்ந்தது. ஆகவே ஒரே நீர் இருமுறை பயன்பட்டது.

சென்னை மாநகருக்கு 1872-ஆம் ஆண்டில் செங்குன்றத்து ஏரியிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. பின்னர்க் குழாய்கள் தெருத்தெருவாகப் பெருகின, வீட்டுக்குள்ளும் வந்தன. குழாய் நமக்குப் பெரிய நன்மையே செய்தது. நீர் சுமக்கும் துன்பத்திலிருந்து எத்தனையோ பெண்களை அது விடுவித்தது. ஆனால், சுமை மறைந்தபோது அளவும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. திருகினால் கொட்டுகிறது; கொட்டியது எவ்வளவு என்பதைக் கையும் உணர்வதில்லை, கண்ணும் காண்பதில்லை. தலைக்கு மேலிருந்து நீரைத் தூவும் ‘ஷவர்’ என்னும் குழாயில் இம்மயக்கம் மேலும் மிகுதியாகும். மெல்லிய தூவலாகத் தோன்றுவதால், செலவும் மெல்லியதே என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

உண்மை என்ன என்று அறிய, எங்கள் வீட்டு ஷவரின் கீழ் 15 லிட்டர் கொள்ளும் வாளி ஒன்றை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை நிமிடத்தில் வாளி நிறைந்துவிட்டது. அதாவது நிமிடத்திற்கு 10 லிட்டர். பத்து நிமிடம் குளித்தால் 100 லிட்டர். வாளியில் நீர் நிரப்பிக் குவளையால் மொண்டு குளிப்பவருக்கு 20 லிட்டர் தாராளமாகப் போதும். இரு முறையிலும் உடலின் அழுக்கு ஒன்றுபோலவே நீங்குகிறது. செலவில் மட்டும் ஐந்து மடங்கு வேறுபாடு!

இந்திய நகரங்களுக்கான திட்டக் கணக்கில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. அதில் குளிப்பதற்கென ஒதுக்குவது 55 லிட்டர். குடித்தல், சமைத்தல், துவைத்தல் முதலிய எந்தத் தேவைக்கும் இவ்வளவு பெரிய பங்கு இல்லை. ஆதலால் சிக்கனத்தைத் தொடங்க வேண்டிய இடம் குளியலறையே என்பது தெளிவு.

இச்சிக்கனம் யாருக்காக என்று நீங்கள் கேட்கலாம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மூன்றரை ஆண்டுகளே கழிந்த நிலையில், 2019 ஜூன் மாதத்தில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய முற்றிலும் வறண்டன. லாரி வரும் நேரம் பார்த்து, வண்ண வண்ணக் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டு மக்கள் தெருவில் காத்து நின்றனர். அந்த ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஒன்று 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

இந்த 25 லட்சத்தை நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஆளுக்கு 100 லிட்டர் வீதம் குளித்தால் 25,000 பேருடன் அந்த ரயில் நீர் தீர்ந்துவிடும். ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 1,25,000 பேர் குளிக்கலாம். ஒரே ரயில், ஒரே நீர். இடையில் நிற்கும் ஒரு லட்சம் பேருக்கு நீர் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது குளிக்கும் பழக்கம் ஒன்றே.

“எங்கள் வீட்டில் சொந்த ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, எங்களுக்கு என்ன கவலை?” என்பார் சிலர். வீட்டைச் சுற்றி மதில் எழுப்பலாம். நிலத்தடி நீருக்கு மதில் இல்லை. நாம் இறைப்பது அண்டை வீட்டார் கிணற்றுக்கும் உரிய ஊற்றையே. கடற்கரைப் பகுதிகளில் நன்னீரை அளவின்றி இறைத்தால், அது விட்ட இடத்தில் உப்பு நீர் புகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இது நேர்ந்திருக்கிறது. கடல்நீரை நன்னீராக்கலாமே எனில், அதற்கான ஆலைகள் மீஞ்சூரில் 2010-ஆம் ஆண்டிலும் நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. ஆயினும் மிகுந்த அழுத்தத்தில் நீரைச் சவ்வின் வழியே செலுத்த வேண்டியிருப்பதால், அந்நீருக்கு மின்சாரச் செலவு அதிகம்.

இனி, செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறேன். உடலை நனைத்ததும் குழாயை மூடிவிடுங்கள். சோப்புத் தேய்த்து முடித்தபின் திறவுங்கள். தேய்க்கும் மூன்று நிமிடத்தில் வீணே ஓடும் 30 லிட்டர் இதனால் மிஞ்சும். உங்கள் ஊர் நீர் கடின நீராயின், அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து திரியாகின்றன. நுரை எளிதில் எழுவதில்லை. அதற்காக மேலும் மேலும் நீர் ஊற்றுவதில் பயனில்லை. ஈரத் துணியால் உடலைத் தேய்த்துக் கழுவினால் குறைந்த நீரிலேயே அழுக்குப் போகும்.

வெந்நீரில் குளிப்போர் இரட்டைச் செலவு செய்கின்றனர். ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கிலோகலோரி வேண்டும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 1,500 கிலோகலோரி தேவை. அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் யூனிட் மின்சாரம். 20 லிட்டருக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். வெந்நீர் வருமுன் குழாயிலிருந்து ஓடும் தண்ணீரையும் சாக்கடைக்கு விடாமல் வாளியில் பிடித்து வையுங்கள்.

சொட்டும் குழாயையும் மறவாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள். 20 சொட்டுகள் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், அது 4 லிட்டருக்கு மேல் ஆகிறது; ஒருவர் ஒரு நாள் குடிக்கும் நீரினும் மிகுதி. ஐந்து நிமிட வேலையில் ஒரு வாஷரை மாற்றினால் அது நின்றுவிடும்.

தனி ஒருவர் இப்படிச் செய்வதால் ஒரு நகரம் பிழைக்குமா என்ற ஐயம் எழலாம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் இதற்கு விடை தந்தது. மூன்றாண்டு வறட்சிக்குப்பின், 2018 பிப்ரவரி முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அந்நகரம் வரையறுத்தது. தொண்ணூறு நொடிக்குள் குளித்து முடிக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. பலர் காலடியில் வாளியை வைத்துக் குளித்து, அந்த நீரைக் கழிப்பறைக்குப் பயன்படுத்தினர். 2015-இல் இருந்த நுகர்வு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குழாய்களை மூடிவிடும் நாள் வராமலே, அவ்வாண்டின் மழைக்காலம் வந்து சேர்ந்தது. அவர்கள் நெருக்கடியில் கற்ற பழக்கத்தை, ஏரி நிறைந்திருக்கும் காலத்திலேயே நாம் கற்கலாமன்றோ?

நாளைக் காலையில் ஒரு வாளியையும் ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குழாய் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் தருகிறது, நீங்கள் எத்தனை நிமிடம் குளிக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி வரும் எண்ணைக் குளியலறைக் கதவில் எழுதி வையுங்கள். அதன் கீழே 20 என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே, ஒவ்வொரு நாளும் நீங்கள் ஊருக்கு மிச்சப்படுத்தித் தரக்கூடிய நீர்.