சர்வரைக் கூட்டினார்கள், சேவை படுத்தது: த்ரெட் லிமிட் முட்டினால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்?

2020 நவம்பர் 25, புதன்கிழமை. தமிழ்நாட்டில் அன்று எல்லா டிவியிலும் ஒரே கேள்விதான். நிவர் புயல் எப்போ கரையைக் கடக்கும்? அதே மாலையில், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும் அமேசானின் கிளவுட் மையத்தில் வேறொரு புயல் கிளம்பிக்கொண்டிருந்தது. ரோக்கு, அடோபி ஸ்பார்க், ஃபிளிக்கர் என்று பல சேவைகள் தடுமாறின. வீடு பெருக்கும் ரூம்பா ரோபோவின் ஆப் கூட வேலை செய்யவில்லை.

ஹேக்கிங்கா? இல்லை. மின்தடையா? அதுவும் இல்லை. கூட்டம் கூடினால் தாங்கட்டும் என்று கொஞ்சம் சர்வர்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அதுதான் வினை.

த்ரெட் என்றால் என்ன?

ஒரு சாஃப்ட்வேர் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்க வேண்டுமானால், தன்னைப் பல கைகளாகப் பிரித்துக்கொள்ளும். அந்த ஒவ்வொரு கையும் ஒரு த்ரெட். ஒரு கை ரிக்வெஸ்ட்டை வாங்கும், இன்னொன்று டேட்டாபேஸிடம் பேசும், மற்றொன்று லாக் எழுதும். இந்தக் கைகள் வானத்திலிருந்து வருவதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். அதுவோ ஒரு அளவுக்கு மேல் தராது. அந்த அளவுதான் த்ரெட் லிமிட்.

லிமிட் இருப்பதில் தப்பே இல்லை. ஒரே ஒரு ஆப் எல்லாக் கைகளையும் பிடுங்கிக்கொண்டால் மொத்த மெஷினும் உறைந்துவிடும். லிமிட்டைத் தொடும் அந்த நொடியில் சாஃப்ட்வேர் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே யாரும் பார்த்து வைக்காததுதான் சிக்கல்.

கொல்லிமலையில் 12 வேன்

அமேசானில் நடந்ததைப் புரிந்துகொள்ள, காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. ஆடியில் வல்வில் ஓரி விழாக் கூட்டத்துக்காக 10 வேன்கள் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக்காக ஒரு ஏற்பாடு: ஒவ்வொரு டிரைவரும் மற்ற எல்லா டிரைவரோடும் ஃபோன் இணைப்பிலேயே இருக்க வேண்டும். ஒரு ஃபோனில் அதிகபட்சம் 10 இணைப்புகள்தான் நிற்கும்.

10 வேன் ஓடும்போது ஒவ்வொருவருக்கும் 9 இணைப்பு. பிரச்சினையே இல்லை. கூட்டம் அதிகமாகிறது, இன்னும் ரெண்டு வேன் விடலாம் என்கிறார் யாரோ. இப்போது ஒவ்வொருவருக்கும் 11 இணைப்பு தேவை. புதிதாக வந்த ரெண்டு வேன் மட்டுமா திணறும்? 12 வேனும் திணறும். அதுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. லிமிட்டைத் தாண்டியதும் ஃபோன் அணைந்துபோகவில்லை. 11-வது நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. டிரைவரோ தன்னிடம் இருக்கும் பட்டியல் முழுசு என்று நம்பி வளைவில் திரும்புகிறார்.

அன்று இரவு நடந்தது

அமேசானின் கினீசிஸ் என்ற சேவையில் இருந்ததும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். நொடிக்கு நொடி வரும் டேட்டாவை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புவது கினீசிஸின் வேலை. அதன் முன்வரிசையில் பல ஆயிரம் சர்வர்கள். எந்த டேட்டா பின்வரிசையில் எங்கே போக வேண்டும் என்ற ஒரு மேப் ஒவ்வொரு சர்வரிடமும் இருக்கும். அந்த மேப்பைத் தயாரிக்க, ஒவ்வொரு சர்வரும் மற்ற ஒவ்வொரு முன்வரிசை சர்வருக்கும் ஒரு த்ரெட் என்று ஒதுக்கி வைத்திருந்தது.

இந்திய நேரப்படி மாலை 4.14-க்குப் புதிய சர்வர்களைச் சேர்க்கத் தொடங்கி, 5.17-க்கு முடித்தார்கள். உடனே எதுவும் நடக்கவில்லை. புதிய சர்வர் வந்த சேதி பழைய சர்வர் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர ஒரு மணி நேரம் வரை ஆகும். 6.45-க்கு முதல் அலாரம் அடித்தது.

அதன் பிறகு காரணத்தைத் தேடி ஓடிய ஓட்டம்தான் கவனிக்க வேண்டியது. எரர்கள் பல ரகமாக வந்தன. புதிய சர்வர்கள் மேல் சந்தேகம் இருந்தது, ஆனால் அவற்றோடு தொடர்பே இல்லாத எரர்களும் வந்ததால் தேடல் இழுத்தது. மெமரி நெருக்கடியாக இருக்குமோ என்ற கோணமும் இருந்தது. உண்மையான காரணம் உறுதியானபோது இரவு 11.09. நான்கரை மணி நேரம் போயிருந்தது. புதிதாகச் சேர்த்த சர்வர்களால், முன்வரிசையில் இருந்த எல்லா சர்வர்களுமே ஆபரேட்டிங் சிஸ்டம் அனுமதித்த த்ரெட் எண்ணிக்கையைத் தாண்டியிருந்தன. மேப் தயாரிக்கும் வேலை பாதியில் நின்றது. சர்வர்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால், கையில் இருந்த மேப் எதற்கும் உதவாதது.

லிமிட்டை ஏற்றிவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். அமேசான் பொறியாளர்கள் அதைச் செய்யவில்லை. சோதித்துப் பார்க்காமல் லிமிட்டை உயர்த்த விரும்பவில்லை என்று நிறுவனமே பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் சொன்னது. சேர்த்த சர்வர்களை எடுத்துவிட்டு, முன்வரிசை முழுவதையும் ரீஸ்டார்ட் செய்தார்கள். அதுவும் அவசரமாகச் செய்ய முடியாது; மேப்பை நிரப்பும் வேலையும் உள்ளே வரும் ரிக்வெஸ்ட்டுகளும் ஒன்றோடொன்று மோதும். மணிக்குச் சில நூறு சர்வர் என்ற வேகத்தில்தான் நகர முடிந்தது. நிவர் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, விடிந்து, மறுநாள் காலை 11.53 ஆனபோதுதான் கினீசிஸ் முழுமையாகச் சரியானது.

எரர் மெசேஜை நம்பலாமா?

த்ரெட் கிடைக்காதபோது லினக்ஸ் தரும் பதில், 'ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்'. தற்காலிகமாக இல்லை, பிறகு வாருங்கள் என்கிற மாதிரி. இதைக் கேட்டு சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்பது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது.

ஜாவாவில் இது 'அவுட் ஆஃப் மெமரி எரர்' என்ற பெயரில் வரும். மெமரி தாராளமாக இருந்தாலும் அதே பெயர்தான். வரியின் கடைசியில் 'அன்ஏபிள் டு கிரியேட் நேட்டிவ் த்ரெட்' என்று இருப்பதைப் படிக்காமல் ரேம் வாங்க ஓடுபவர்கள் உண்டு. கூடவே இன்னொரு குழி. ஜாவாவில் இது எக்ஸெப்ஷன் வகை அல்ல, எரர் வகை. எக்ஸெப்ஷனை மட்டும் பிடிக்க எழுதிய கோடு இதைப் பிடிக்காது. புதிய இணைப்புகளை ஏற்கும் த்ரெட்டில் இது வெடித்தால், அந்த ஒரு த்ரெட் மட்டும் செத்துப்போகலாம். ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கும், போர்ட் திறந்திருக்கும், கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஆள் இருக்காது. மானிட்டரிங் திரையில் எல்லாம் பச்சை.

சி++ இதற்கு நேரெதிர். எக்ஸெப்ஷனைப் பிடிக்காமல் விட்டால் மொத்த ப்ராசஸும் விழும். விழுந்தது உடனே தெரியும் என்பதால் அது ஒரு வகையில் நல்லதுதான். பாதி உயிரோடு நிற்பதைக் கண்டுபிடிக்கத்தான் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

லோடு டெஸ்ட் போதாதா என்று கேட்கலாம். மேலே சொன்ன வேன் கணக்கையே பாருங்கள். டெஸ்ட்டில் 3 சர்வர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2 இணைப்புதான். எவ்வளவு ரிக்வெஸ்ட் கொட்டினாலும் லிமிட் பக்கமே போகாது.

அதனால் கூட்டத்தைப் பெருக்காமல் கதவைச் சிறிதாக்க வேண்டும். லினக்ஸில் 'யுலிமிட்' கட்டளையில் 'யு' ஆப்ஷனைப் போட்டு, ஒரு யூசருக்கான த்ரெட் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஏற்கெனவே ஓடும் ப்ராசஸுக்கு 'பிஆர்லிமிட்'. டாக்கர் கன்டெய்னர் என்றால் 'பிட்ஸ் லிமிட்' ஆப்ஷன். பெயரில் ப்ராசஸ் என்று தோன்றினாலும் அது த்ரெட்களையும் சேர்த்தே எண்ணும். லேப்டாப்பிலேயே லிமிட்டை 50 என்று வைத்து ஆப்பை ஓடவிட்டால், பத்து நிமிடத்தில் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. யுலிமிட் வழியாக வைக்கும் இந்த எல்லை ரூட் யூசரைக் கட்டுப்படுத்தாது. ரூட்டாக டெஸ்ட்டை ஓட்டி, பாஸ் என்று டிக் போட்டால் அந்த டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்லை. அதோடு, அந்த எல்லை ஒரு ஆப்புக்கானது அல்ல, ஒரு யூசருக்கானது. ஒரே யூசர் பெயரில் ரெண்டு சேவை ஓடினால், ஒன்று செய்யும் தப்புக்கு இன்னொன்று தண்டனை அனுபவிக்கும். அதே யூசராக உள்ளே போய் என்ன ஆச்சு என்று பார்க்க முயன்றால், உங்கள் லாகின் ஷெல்லுக்கே இடம் கிடைக்காமல் போகலாம். கன்டெய்னர் வழியாக வைக்கும் லிமிட் வேறு மாதிரி. அது ரூட்டையும் நிறுத்தும்.

லிமிட்டைத் தொட்டபின் ஆப் விழுகிறதா, உறைகிறதா, புதியவர்களுக்கு மட்டும் இப்போது முடியாது என்று சொல்லிவிட்டு இருப்பவர்களைக் கவனிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் வேண்டும். லாகில் உண்மையான காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கணும். ஸ்டார்ட் ஆகும்போதே லிமிட் முட்டினால் என்ன ஆகும் என்பது தனி டெஸ்ட். 20 த்ரெட் கேட்டு 13 மட்டும் கிடைத்தால், 13-ஐ வைத்துக்கொண்டு ரெடி என்று சொல்லிவிடுகிறதா? கடைசியாக, லிமிட்டைப் பழையபடி உயர்த்திவிட்டு, ரீஸ்டார்ட் இல்லாமல் தானாக எழுந்திருக்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். பல டீம்கள் இந்தக் கடைசிப் படிக்கு வருவதற்குள் டெஸ்ட்டை மூடிவிடுகின்றன.

அமேசான் பிறகு என்ன செய்தது?

சிறிய சர்வர்கள் பலவற்றுக்குப் பதிலாக, அதிகத் திறன் கொண்ட பெரிய சர்வர்களுக்கு மாறுவதாக அறிவித்தது. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் த்ரெட்டும் குறையும். த்ரெட் பயன்பாட்டுக்கென்றே நுணுக்கமான அலாரம் சேர்த்தது. அன்று இரவு தொடத் தயங்கிய அந்த லிமிட்டை உயர்த்துவதற்கான சோதனைகளையும் முடிப்பதாகச் சொன்னது.

இன்னொரு சங்கதியும் அந்த விளக்கத்தில் இருந்தது. சேவை பழுது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் ஸ்டேட்டஸ் பக்கத்தையே அன்று முதலில் சில மணி நேரம் வழக்கம்போல அப்டேட் செய்ய முடியவில்லை. அதை அப்டேட் செய்யும் டூல், காக்னிட்டோ என்ற லாகின் சேவையை நம்பியிருந்தது. காக்னிட்டோவோ கினீசிஸை நம்பியிருந்ததால் அதுவும் தடுமாறிக்கொண்டிருந்தது. மாற்று டூல் ஒன்று இருக்கத்தான் செய்தது; ஆனால் அது மேனுவலானது, மெதுவானது, பணியில் இருந்தவர்களுக்குப் பழக்கமில்லாதது. சப்போர்ட் பொறியாளர்களுக்கு அதில் தொடர்ந்து பயிற்சி தரும்படி பயிற்சித் திட்டத்தை மாற்றிவிட்டதாக அமேசான் அதே விளக்கத்தில் எழுதியிருக்கிறது.