பெல்லி டான்ஸ் பெண்களுக்கு மட்டும்தானா?

பெல்லி டான்ஸ் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது மணிகள் கோத்த உடையணிந்த ஒரு பெண்ணின் உருவம்தான். அதையே ஓர் ஆண் ஆடினால்? முதலில் சிரிப்பு, அடுத்துக் கேலி. "இது ஆம்பளை செய்கிற வேலையா?" என்ற கேள்வியும் உடனே எழும். ஆனால், இந்த நடனத்துக்குப் பேர்போன எகிப்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

பெயர் வந்த விதம்

அரபு மொழியில் இதன் பெயர் 'ரக்ஸ் ஷர்கி'. கிழக்கத்திய நடனம் என்று பொருள். கல்யாண வீடுகளில் உற்றார் உறவினர் ஆடும் எளிய வடிவத்தை 'பலடி' என்பார்கள். சொந்த மண்ணுக்குரியது என்பது அதன் கருத்து. வயிற்றை வைத்துப் பெயர் சூட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1893இல் நடந்த சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு அந்தப் பெயர் அமெரிக்காவில் பரவியது. இன்று நாம் காணும் கவர்ச்சி உடை, 20ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் இரவு விடுதிகளிலும் திரைப்படங்களிலும் நிலைபெற்றது.

பெண்களுக்கு வந்த தடை

1834இல் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பாஷா, பொது இடங்களில் ஆடிய பெண்களைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றினார். பலர் தெற்கே உள்ள எஸ்னா போன்ற ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அந்தக் காலத்துக் கெய்ரோவில் ஆண் ஆட்டக்காரர்களும் இருந்தனர். அவர்களுக்குக் 'கவால்' என்று பெயர். எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர் 1836இல் வெளியிட்ட நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பாதி ஆண் உடையும் பாதி பெண் உடையுமாக, கையில் தாளக்கருவியுடன், பெண்கள் ஆடிய அதே ஆட்டத்தை ஆடினார்களாம். திருமணம், பிள்ளைப்பேறு போன்ற வைபவங்களுக்குக் குடும்பத்தினரே இவர்களை அழைத்தனர். துருக்கியிலும் 'கொச்செக்' எனப்படும் ஆண் ஆட்டக்காரர்கள் இருந்தனர். கஸ்தமோனு வட்டாரத் திருமணங்களில் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

வசையாகிப்போன சொல்

எகிப்தில் 'கவால்' இன்று ஒரு தொழிலின் பெயர் அல்ல. ஓர் ஆணின் ஆண்மையைப் பழிக்கும் கடுமையான வசைச்சொல். கலைஞனைக் குறித்த சொல்லே அவமானச் சொல்லாக மாறிவிட்ட பிறகு, எந்த இளைஞன் துணிந்து மேடையேறுவான்?

இந்தத் தயக்கத்தைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எகிப்தின் சீருடற்பயிற்சி வீரராகப் பங்கேற்ற மஹ்மூத் ரேடா, 1959இல் 'ரேடா குழு'வைத் தொடங்கினார். நாட்டுப்புற ஆட்டங்களை ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் மேடைக்கலையாக அவர் மாற்றினார். 2020இல் மறையும் முன், உலகெங்கும் பலருக்குப் பயிற்சி அளித்தார். ஷர்ம் எல் ஷேக் நகரில் புகழ்பெற்ற டிட்டோ, கலபியா என்னும் ஆண்களின் நீண்ட அங்கியை அணிந்து, இடுப்பில் துணி கட்டி ஆடுகிறார். பெய்ரூட் கலைஞர் அலெக்ஸாண்டர் பவுலிகெவிச், பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரை விட்டு, 'பலடி' என்றே தம் நடனத்தை அழைக்கிறார்.

உடல் என்ன சொல்கிறது?

ஷிம்மி எனப்படும் இடுப்பு அதிர்வின் அடிப்படை, முழங்கால்களை மாற்றி மாற்றி வேகமாக மடக்கி நீட்டுவதுதான். வயிற்று அலை வயிற்றுத் தசைகளைச் சுருக்கித் தளர்த்துவதால் உண்டாகிறது. தோள் அசையாமல் இடுப்பு மட்டும் அசைய வேண்டுமானால் நீண்ட காலப் பயிற்சி தேவை. இந்தத் தசைகள் ஆண், பெண் இருபாலருக்கும் உண்டு.

ஆகவே தடையாக இருப்பது உடல் அல்ல, பார்ப்பவர்களின் மனம்தான். ஆட்டம் நன்றாக இருந்ததா என்று கேட்பதற்கு முன்பே ஆடியவன் ஆம்பளையா என்று கேட்டால், அங்கே கலைக்கு ஏது இடம்? நம் வீட்டுப் பையன் நாளைக்கு ஆட ஆசைப்பட்டால், நாம் முதலில் கேட்கப்போகும் கேள்வி எது?