தொழினுட்ப முகாம்: தோட்டத்துப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

தொழினுட்ப முகாமை டியூஷனின் இன்னொரு வடிவம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை. விடுமுறையில் சில நாட்கள் பிள்ளைகள் கூடி, ஒரு பொருளைத் தாங்களே யோசித்துச் செய்து முடிக்கிறார்கள். அது ஒரு கணினி விளையாட்டாகவோ, ஓடும் ரோபோவாகவோ இருக்கலாம்.

அமெரிக்காவில் மைக்கேல் சபின்ஸ்கி என்ற பேராசிரியர் 1977இலேயே பிள்ளைகளுக்கான கணினி முகாமைத் தொடங்கிவிட்டார். 2011இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் தொடங்கிய கோடர்டோஜோ கழகங்கள், 7 முதல் 17 வயது வரையானவர்களுக்கு இலவசமாகவே கணினி நிரல் எழுதக் கற்றுத்தந்திருக்கின்றன. நம் நாட்டில் யாழ்ப்பாணத்து யாழ் ஐடி ஹப் என்ற அமைப்பு, பாடசாலை மாணவர்களுக்கென்று ‘யாழ் கீக் சலஞ்ச் ஜூனியர்’ போட்டியை நடத்தியிருக்கிறது. அமெரிக்காவில் கோடையில் நடக்கும் இத்தகைய முகாம்களை நாம் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் தவணை விடுமுறைகளில் நடத்தலாம்.

பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லையில் அப்படி ஒரு முகாம் நடந்தால் பிள்ளைகள் என்ன செய்யலாம்? மழைமானி செய்யலாம் என்பேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதைந்ததை இந்தப் பிரதேசம் மறக்கவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேறிவிட வேண்டும் என்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான்.

கருவி எளிமையானது. நீளமும் அகலமும் 10 சென்ரிமீற்றர் உள்ள சதுர வாயால் மழைநீர் இறங்கும். கீழே சீசோ பலகை போல ஆடும் இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்றில் 5 மில்லிலீற்றர் நிறைந்ததும் அது சாய்ந்து கொட்டும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம் சிறு சுவிட்சைக் கடந்துபோகும். உள்ளங்கைக்குள் அடங்கும் மைக்ரோபிட் என்ற கணினிப் பலகை அதை எண்ணிக்கொள்ளும். இந்த வாய்க்கு ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் 10 மில்லிலீற்றர் நீர், அதாவது இரண்டு சாய்வு. 75 மில்லிமீற்றருக்கு 150 சாய்வு. 24 மணித்தியாலத்துக்குள் அந்த எண் வந்ததும் மணி ஒலிக்கும்படி நிரல் எழுத வேண்டும். பரப்பளவும் கனவளவும் எதற்கு என்று அதன்பின் அந்தப் பிள்ளை கேட்காது.

ஆனால் இது கற்பதற்கான கருவி மட்டுமே. அரசின் எச்சரிக்கை வந்தால் மணிக்காகக் காத்திருக்காமல் வெளியேற வேண்டும் என்பதையும் முகாமிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு மடிக்கணினி போதும். கணினி விளையாட்டுச் செய்ய உதவும், 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச் மென்பொருள் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். மைக்ரோபிட்டுக்கு இரண்டு சிறிய பற்றரிகள் போதும். பாடசாலை மண்டபமோ கோயில் மண்டபமோ கிடைத்தால் இடப் பிரச்சினையும் தீர்ந்தது. பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களைப் பயிற்றுநர்களாக வரும்படி அதிபர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

பணம் கட்டும் முகாம் என்றால், பெற்றோரே, சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். கடைசி நாளில் என் பிள்ளை எதைச் செய்து முடித்திருக்கும்? ஒரு கணினிக்கு எத்தனை பேர்? தமிழில் விளக்குவார்களா? பெண் பிள்ளைகள் வீடு திரும்ப என்ன ஏற்பாடு? முதல் கேள்விக்கு நேரான பதில் வராமல் சான்றிதழைப் பற்றியே பேசினால் அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இலேயே வந்துவிட்டது. ஆனால் கருவி ஒன்றைத் தொட்டுப் பார்க்காமலே அந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கவோ ஒதுக்கவோ வேண்டிய நிலையில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சாதாரண தரத்துக்கு முன்பே இப்படி ஒரு முகாமுக்குப் போய்வந்த பிள்ளை, தனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தே முடிவெடுக்கும். அந்த வாய்ப்பு நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நாம் விட்டுவிடக் கூடாது.