பழைய மோட்டார் விலைக்கு வரும்போது

அயல் மாநிலங்களில் வாழும் தமிழர் பலர், ஆண்டுக்கொரு முறை தாயகம் திரும்புகையில் வழியில் திருப்பதியில் தங்கித் திருமலை தரிசனமும் முடித்துச் செல்வர். அந்தப் பயணங்களிலே பேசி முடிக்கப்படும் குடும்பக் காரியங்களுள் பூர்வீக வீட்டை விற்பதும் ஒன்று. வீட்டோடு சேர்ந்து, கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் பாட்டனார் காலத்து மோட்டார் வண்டியும் சில குடும்பங்களில் விலைக்கு வருகிறது. வேறு சிலர், எவரோ செப்பனிட்டு மெருகேற்றி வைத்திருக்கும் பழைய வண்டியை வாங்க விரும்புகின்றனர். விற்போரும் வாங்குவோரும் இவ்விஷயத்தில் அறிய வேண்டியவை யாவை என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் வண்டியின் வயதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். பிரிட்டனில் இத்துறை அன்பர்கள் வகுத்த முறைப்படி, 1904 முடியச் செய்யப்பட்டவை 'வெட்டரன்' வண்டிகள். 1905 முதல் 1918 வரையிலானவை 'எட்வர்டியன்'. 1919 முதல் 1930 வரையிலானவை 'வின்டேஜ்'. நம் பேச்சு வழக்கில் எல்லாமே 'வின்டேஜ்' எனப்படினும், விலை பேசுமிடத்தில் இவ்வேறுபாடு பெரிது.

தென்னாட்டிலும் மோட்டாரின் வரலாறு தொன்மையானதே. 1840இல் சென்னையில் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனி முதலில் குதிரை வண்டிகளைக் கட்டிவந்தது. அங்கே பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பார் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார். அக்கம்பெனியின் நீராவிப் பஸ் 1905இல் பெஜவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடியது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடப் பணியை ஒப்பந்தமெடுத்துச் செய்த நம்பெருமாள் செட்டியாரே அந்நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்பர்.

வண்டி கட்டும் தொழிலே பின்னர் மோட்டார்த் தொழிலாயிற்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்நாளில் அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டுமே சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கியதுண்டு; மேற்கூடு சென்னையிலோ கல்கத்தாவிலோ பம்பாயிலோ கட்டப்பட்டது. ஆதலின், "மேற்கூடு சீமையில் செய்ததன்று, ஆகவே இது கலப்பு வண்டி" என்று ஒருவர் விலையைக் குறைக்க முற்பட்டால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. நம்மூர்த் தச்சரும் கொல்லரும் அன்றே கட்டிய கூடும் மூலக்கூடே ஆகும். அண்மையில் கட்டிய கூடுதான் வேறு கதை.

இவ்வண்டிகளின் ஆற்றல் எத்தகையது என்பதற்குத் திருமலையே நல்ல எடுத்துக்காட்டு. மலைமீது மோட்டார் செல்லும் முதல் பாதை 1944இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் யாத்திரிகர் மலையடிவாரத்திலிருந்து நடந்தோ டோலியிலோ ஏறினர். எனவே 1910ஆம் ஆண்டுக் கார் ஒன்றை விற்பவர், "புதிதாக வாங்கிய ஆண்டிலேயே திருமலை ஏறிய வண்டி" என்று பெருமை பேசினால், அவ்வாறு நிகழ்ந்திருக்க இயலாது என்று உடனே உணரலாம்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' மாதிரி வண்டியைக் கருதுவோம். இதன் எஞ்சின் 20 குதிரைத் திறனுடையது. பெரும்பாலான ஆண்டுகளில் பெட்ரோல் தொட்டி முன் ஆசனத்தின் கீழே இருந்தது. அதிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு வழிந்து செல்ல வேண்டும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் எஞ்சின் உயர்ந்துவிடும். பெட்ரோல் வந்து சேராது. அதனால் அந்நாளைய ஓட்டிகள் வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே மேட்டில் ஏற்றினர்! இறக்கமோ இன்னும் கடினம். கால் பிரேக் கியர்ப் பெட்டிக்குள் வேலை செய்யும். கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பற்றும். முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே இல்லை. திருமலையின் பழைய பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் இத்தகைய வண்டியை இறக்குவது எத்துணை அபாயம் என்று சொல்ல வேண்டுவதில்லை. மேலும் இதில் கால்மிதிகள் மூன்று: இடப்புறத்தது கியருக்கு, நடுவில் உள்ளது பின்னோட்டத்துக்கு, வலப்புறத்தது பிரேக்குக்கு. வேகம் கூட்டுவதோ கையால். இன்றைய கார் ஓட்டப் பழகியவர் பழகியதை மறந்த பின்னரே இதில் அமரலாம்.

இனி, செப்பனிடுதல் என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். புதிதாக்குதல் வேறு, பழைய நிலையை மீட்டல் வேறு. கோயில் திருப்பணியில் சுவரைச் செப்பனிடுகிறோம், விமானத்துக்கு வண்ணம் தீட்டுகிறோம். ஆயினும் கல்வெட்டைச் செதுக்கி வழவழப்பாக்கினால் அது திருப்பணியாகாது, அழிவாகும். பழைய மோட்டாருக்கும் இது பொருந்தும். பளபளக்கும் வண்ணமும் புதுத்தோல் ஆசனமும் கண்ணைக் கவரும். எனினும் வண்டியின் மதிப்பு அவற்றில் இல்லை. அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட எண்கள், முதல் பதிவுப் புத்தகம், பழைய வரி ரசீதுகள், குடும்பப் புகைப்படங்கள் ஆகியவையே அதன் கல்வெட்டுக்கள்.

ஆதலின் வாங்குவோர் முதலில் எண்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எண் தேய்க்கப்பட்டோ புதிதாகப் பொறிக்கப்பட்டோ இருப்பின் மேலே பேச வேண்டுவதில்லை. அடுத்து, ஆண்டுக்கும் உறுப்புக்கும் பொருத்தம் உண்டா என நோக்குக. ஃபோர்டு 'டி' வண்டியில் பித்தளை ரேடியேட்டர் 1916 மாதிரியோடு நின்றது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு வண்ணத்தில் மட்டுமே விற்கப்பட்டது. மின்சார ஸ்டார்ட்டர் 1919இல்தான் வந்தது. "1920ஆம் ஆண்டு வண்டி" என்று சொல்லிச் சிவப்பு வண்ணமும் பித்தளை ரேடியேட்டருமாக ஒன்று நின்றால், அது பலவற்றின் சேர்க்கை என்று அறியலாம். வாங்கக் கூடாதென்பதில்லை, சேர்க்கைக்குரிய விலையே கொடுக்க வேண்டும்.

விலை, வயதால் மட்டும் அமைவதன்று, அருமையால் அமைவது. 1904இல் செய்யப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் வண்டி ஒன்று 2007இல் லண்டன் ஏலத்தில் 35 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. எஞ்சியுள்ள ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளுள் மிகத் தொன்மையானது என்பதே காரணம். இச்செய்தியைப் படித்துவிட்டு, கோடிக்கணக்கில் செய்யப்பட்ட வண்டிக்கும் அவ்வாறே விலை கேட்பது பொருந்தாது.

சட்டமும் அறியத்தக்கது. 2021இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழைய வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையை ஏற்படுத்தியது. முதல் பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் இவற்றில் பெருமாறுதல் செய்யப்படாத வண்டிகள் இதில் சேரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். முன்னரே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விற்பனையை மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் வேண்டும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுது பார்த்தல், பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கே இவ்வண்டிகள் சாலையில் செல்லலாம். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ அன்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அழகுக்காகப் புது எஞ்சினைப் பொருத்துபவர் வண்டியின் பெருமையோடு இப்பதிவுக்குரிய தகுதியையும் இழக்க நேரிடும். அன்றியும், பழைய மோட்டார்களை அயல்நாட்டுக்கு அனுப்புவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அயல்நாட்டார் காத்திருப்பதாக ஆசை காட்டும் தரகரிடம் எச்சரிக்கை தேவை.

கல்கத்தாவில் வாழ்ந்த மாத்யூஸன் என்னும் செல்வர் 1910இல் அன்ன வடிவில் ஒரு கார் செய்வித்தார். அதன் அலகு திறந்து நீராவி உமிழும். கூட்டம் கூடி நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. பின்னர் அது நாபா சமஸ்தானத்துக்குச் சென்றது. 1991இல் நெதர்லாந்திலுள்ள லாவ்மன் காட்சிசாலை அதை வாங்கிச் செப்பனிட்டது. அங்கே அது நலமாகவே உள்ளது. ஆனால் கல்கத்தாவில் பிறந்த கதையைக் காண நாம் கடல் கடக்க வேண்டியிருக்கிறது. மன்னர் வீட்டு வண்டிகளுக்காவது இத்தகைய புகலிடம் கிடைக்கிறது. சாதாரணக் குடும்பத்து வண்டிகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விடுகின்றன.

ஆகையால், ஊர்க் கொட்டகையில் வண்டி கிடக்குமாயின், விற்பதற்கு முன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கிடக்கும் காகிதங்களைத் தேடி எடுங்கள். யார் வாங்கினார், எந்த ஆண்டு, யார் ஓட்டினார் என்பதை வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதி, வண்டியோடு கொடுங்கள். கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு அறநிலையம் நடத்தும் ஜீடீ கார் காட்சிசாலைக்கு ஒருமுறை சென்றால், பேணப்பட்ட வண்டிகள் எப்படி இருக்கும் என்பது விளங்கும். கழன்று விழுந்த உறுப்பைக் கடைசல் பட்டறையில் மீண்டும் செய்துகொள்ளலாம். எழுதி வைக்காத வரலாற்றைச் செய்து தரும் பட்டறை எங்கும் இல்லை.