டேலி ஆனால் போதுமா?

மீமிசல் கடைத்தெருவில் கணக்கு எழுதும் இளைஞருக்கு பி.காம். ஆசை வந்தால் இரண்டு வழி. ஒன்று, தினமும் அறந்தாங்கிப் பக்கம் பஸ் ஏறி கல்லூரிக்குப் போவது. வேலை போய்விடும். மற்றது, செல்போனில் படிப்பது. வேலை இருக்கும். தூக்கம்தான் போய்விடும்!

வீட்டிலிருந்தே பட்டம் என்பது புதுசு இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வியை ஆரம்பித்துவிட்டது. அப்போது பாடம் தபாலில் வந்தது. 2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையத்தில் கொண்டுவந்தது. 2020 ஊரடங்கில் கல்லூரிகளே செல்போனுக்குள் புகுந்துகொண்டன.

வீடியோ பாடத்தில் ஒரு சௌகரியம். தேய்மானம் புரியவில்லையா? பத்து தடவை திருப்பிப் போடலாம். வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார். வகுப்பில் மூணாவது தடவை கேட்டுப் பாருங்கள்... "இவ்வளவு நேரம் எங்கேய்யா இருந்தே?"

ஆனால் அக்கவுன்டன்ஸியில் ஒரு வில்லங்கம் உண்டு. இறால் பண்ணையில் ஏரேட்டர் ரிப்பேருக்கு 5,000 ரூபாய் ஆகிறது. அது செலவு. நம்மாள் அதை இயந்திரக் கணக்கில் பற்று எழுதிவிடுகிறார். டிரயல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும்! லாபம் மட்டும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். வீடியோ வாத்தியாருக்கு இது எப்படித் தெரியும்? பக்கத்தில் வந்து நோட்டை எட்டிப் பார்ப்பவர்தான், "தம்பி, ரிப்பேர் எப்படிய்யா சொத்தாகும்?" என்று பிடிப்பார்.

எல்லா வகுப்பிலும் நோட்டை எட்டிப் பார்க்கிறார்களா என்று கேட்காதீர்கள். போர்டில் இருப்பதைக் காப்பியடித்துவிட்டுத் திரும்புவதென்றால் பஸ் காசு தண்டம்தான்.

அமெரிக்கக் கல்வித்துறை பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியிட்ட அறிக்கையில், இணையத்தையும் நேர்வகுப்பையும் கலந்து படித்தவர்கள், நேர்வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிட சராசரியாக நன்றாகச் செய்திருந்தார்கள். அவர்கள் கூடுதல் நேரம் படித்ததும் காரணமாக இருக்கலாம் என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது.

ஆகவே, மீமிசல் தம்பி... சேருவதற்கு முன் அந்த இணையப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பாடத்தை ராத்திரி போனில் கேளுங்கள். கணக்கைப் பேனா பிடித்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகச் சேர்ந்து, கணக்கெழுதிப் பழுத்த யாரிடமாவது நோட்டைக் காட்டுங்கள். திட்டு விழும். விழட்டும்!

நாளைக்கு முதலாளி லெட்ஜரைக் கேட்கும்போது திருப்பிப் போட்டுப் பார்க்க முடியாது.