சலிச்ச மாவுதான்... ஆனாலும் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் அரிப்பா?

லீவு நாள். மூணு மாசத்துக்கு முன்னாடி பிரிச்ச மைதா பாக்கெட், ரப்பர் பேண்ட் போட்டபடி அலமாரியில அப்படியே இருக்கு. ‘எக்ஸ்பயரி தேதிதான் முடியலையே’னு பான்கேக் சுட்டுச் சாப்பிடுறீங்க. கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு. கண் இமை வீங்குது. ‘கோதுமை அலர்ஜியா, முட்டை அலர்ஜியா?’னு குழம்புவீங்க. ஆனா, காரணம் மாவுல இருந்த மைட்ஸாகவும் இருக்கலாம்!

மைட்ஸ், வண்டு கிடையாது. சிலந்தி, உண்ணி வகையைச் சேர்ந்த எட்டுக்கால் உயிரிகள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாததால கண்ணுக்குச் சட்டுனு தெரியாது. ஈரப்பதமும் வெதுவெதுப்பும் இருந்தா மாவு, ரவை, தானியங்கள்ல மளமளன்னு பெருகும்.

தொட்டாலும்... சாப்பிட்டாலும்!

மைட்ஸ் உள்ள உணவுப் பொருள்களைத் தொடர்ந்து கையாள்பவர்களுக்குக் கைகளில் அரிப்பு வரும். இதை ‘குரோசர்ஸ் இட்ச்’ என்கிறார்கள். இவை சிரங்கை உண்டாக்கும் பூச்சிபோலத் தோலுக்குள் துளைத்துத் தங்குவதில்லை.

சாப்பிட்டு வரும் தீவிர அலர்ஜிக்குப் பெயர், ‘பான்கேக் சிண்ட்ரோம்’. ஏற்கெனவே தூசி அலர்ஜி, ஆஸ்துமா இருப்பவர்களுக்கும், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ரிஸ்க் அதிகம். அதனாலதான், ஒரே பான்கேக்கை வீடே சாப்பிட்டும் ஒருத்தருக்கு மட்டும் பிரச்னை வரலாம்.

‘அதான் சலிச்சு, நல்லா வேகவெச்சுட்டோமே’ங்கிறீங்களா? சல்லடை ஓட்டையில மைட்ஸ் சுலபமா நுழைஞ்சுடும். சூட்டுல அது செத்தாலும், அலர்ஜியைத் தூண்டும் புரதம் முழுசா அழியாது.

என்ன செய்யலாம்?

* சின்ன பாக்கெட்டா வாங்குங்க.
* பிரிச்ச மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைங்க.
* பழைய மாவு மேல புது மாவைக் கொட்டாதீங்க.
* ரொம்ப நாளான மாவைத் தயங்காம தூக்கிப் போடுங்க.

அலர்ஜி வந்திருந்தா, மாவு எப்போ பிரிச்சது, எங்கே வெச்சிருந்ததுனு டாக்டரிடம் சொல்லுங்க. தோல் பரிசோதனையில் காரணம் தெரியலாம். இல்லைன்னா, தப்பே செய்யாத சப்பாத்தியைக் காலம் முழுக்க ஒதுக்கிட்டிருப்பீங்க!

மூச்சுத்திணறல், தொண்டை இறுக்கம், தலைசுற்றல் இருந்தா வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே 108-க்கு போன் பண்ணுங்க.