தொண்டை நோவை லேசாக விடாதீர்கள்

பிள்ளைக்குத் தொண்டை நொந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறோம். அநேகமாக இரண்டு மூன்று நாளில் சுகமாகிவிடும். ஆனால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியால் வந்த தொண்டை நோ என்றால், இரண்டு மூன்று வாரம் கழித்து வாதக் காய்ச்சலாகத் திரும்பி வரலாம். 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இது அதிகம். நெருக்கமான லயக் காம்பிராக்களில் இருமலாலும் தும்மலாலும் இக்கிருமி சுலபமாகப் பரவும்.

கிருமியோடு சண்டை போடும் நமது உடம்பின் சக்தி, ஆள் மாறி மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குவதுதான் வாதக் காய்ச்சல். மூட்டு வீக்கம் வற்றிவிடும். ஆனால் இருதயத்தின் வால்வுகளில் தழும்பு விழுந்தால் அது நிலைத்துவிடலாம். வால்வு என்பது இரத்தம் ஒரே பக்கமாக ஓட உதவும் கதவு. அது சரியாக மூடாவிட்டால் இருதயம் களைத்துப் போகும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

– காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால், முழங்கை என்று நோவு இடம் மாறுவது.
– மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது.
– கை கால் தானாக உதறுவது, எழுத்து கோணலாவது.

"வளர்ற பிள்ளைக்குக் கால் நோகத்தான் செய்யும்" என்று இருந்துவிடக் கூடாது. உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அது மறுபடியும் வரலாம். ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடலாம். அதைத் தடுக்கத்தான் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போடுகிறார்கள். இது பல வருடம் தொடரும்.

உகண்டாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வெளியானது. வெளியில் நோய் தெரியாமல், ஸ்கேனில் மட்டும் வால்வுக் கோளாறு ஆரம்பித்திருந்த 818 பிள்ளைகளை டொக்டர்மார் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மாதா மாதம் ஊசி போட்டார்கள். இரண்டு வருடத்தில், ஊசி போடாதவர்களில் 100க்கு 8 பேருக்கு நோய் முற்றியது. ஊசி போட்டவர்களில் 100க்கு ஒருவருக்குக்கூட இல்லை.

யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாத்தளை கிளினிக்குக்குப் போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். பிள்ளையும் ஓடி விளையாடுகிறது. "இந்த முறை விடுவோமே" என்று மனம் சொல்லும். அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனால் வால்வு கெட்டால் கண்டிக்கும் கொழும்புக்கும் அலைய வேண்டிவரும், சில வேளை ஒப்பரேஷனும் தேவைப்படும்.

ஆகவே அம்மா, அப்பா, பாட்டி என்று முறை வைத்துக் கூட்டிப் போங்கள். ஊசியைக் கிட்டடியில் போட முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பென்சிலின் ஒத்துவராத பிள்ளையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அடுத்த ஊசித் தேதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.